கடலைத் தடுத்து நிறுத்தும் நன்னீர்: புதுச்சேரியின் நிலத்தடி நீரும் உலகத் தண்ணீர்த் தட்டுப்பாடும்

புதுச்சேரிப் பகுதியில் ஓர் ஆண்டில் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. உலக நிலப்பரப்பு முழுவதற்குமான சராசரி மழையளவோ ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான். மழையளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்வூரை வறண்ட நிலம் என்று சொல்ல இடமில்லை. ஆயினும் நகரின் மையமான புல்வார் பகுதியிலும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும், குழாயில் வரும் நீரைக் குளிக்கவும் துவைக்கவும் ஒதுக்கிவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு கிடைத்துவிட்டதாக 2021இல் அறிவிக்கப்பட்டது; ஆனால் குழாய் வீட்டு வாசலை எட்டியதாலேயே அதில் வரும் நீர் வாய்க்கு இதமாகிவிடுவதில்லை என்பதை உவர்ப்புக் கூடிவரும் கிணறுகள் காட்டுகின்றன. நல்ல மழை பெறும் ஒரு கடற்கரை நகரத்தில் நன்னீர் ஏன் அருகிவருகிறது என்னும் கேள்விக்கு விடை காணும்போது, உலகெங்கும் பரவியுள்ள தண்ணீர்த் தட்டுப்பாட்டின் இயல்பும் தெளிவாகிறது.

பூமியிலுள்ள நீரின் மொத்த அளவு ஏறத்தாழ 138.6 கோடி கன கிலோமீட்டர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இதில் 97.5 விழுக்காடு கடலிலும் பிற உவர்நீர் நிலைகளிலும் இருக்க, எஞ்சிய 2.5 விழுக்காடே நன்னீராகும். அந்த நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துருவப் பகுதிகளிலும் உயர்ந்த மலைகளிலும் பனியாக உறைந்து கிடக்கிறது. ஆறுகளும் நன்னீர் ஏரிகளும் சேர்ந்து மொத்த நன்னீரில் அரை விழுக்காட்டுக்கும் குறைவானதையே கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 30 விழுக்காடு நிலத்துக்கு அடியில் உள்ளது. உறைந்துபோகாமல் திரவ நிலையில் இருக்கும் நன்னீரில் மிகப் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீரே என்பது இதனால் விளங்கும். உலகில் ஆண்டுதோறும் வெளியே எடுக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ கால் பங்கை இந்தியா மட்டுமே எடுக்கிறது. பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் வசதி கிடைக்காதோர் உலகில் 220 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2022ஆம் ஆண்டு நிலவரமாகக் கணக்கிட்டுள்ளன. நீர் என்னும் பொருள் உலகில் குறைந்துவிடவில்லை; தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் காலத்தில், தேவைப்படும் தூய்மையோடு அது இருப்பதுதான் குறைந்துவருகிறது. புதுச்சேரியில் இம்மூன்று குறைகளையும் ஒரே இடத்தில் காணலாம்.

மண்ணுக்குக் கீழே உள்ள அடுக்குகள்

நீரைத் தன் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வெற்றிடங்களில் தேக்கிவைத்து, கிணறு தோண்டினால் போதிய அளவில் விட்டுக்கொடுக்கும் மண் அல்லது பாறை அடுக்கை நீர்த்தாங்கி என்று நிலவியலார் குறிப்பிடுகின்றனர். பருமணலும் மணற்பாறையும் நல்ல நீர்த்தாங்கிகள். களிமண்ணில் நீர் இருந்தாலும் அதன் இடைவெளிகள் மிக நுண்ணியவை ஆதலால், நீரை அது எளிதில் கடத்துவதில்லை. புதுச்சேரியின் நிலம் இவ்விரு வகை அடுக்குகளும் மாறி மாறி அமைந்த நிலமாகும். சங்கராபரணி ஆறும் தென்பெண்ணை ஆறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் படிவுகள் மேலே பரந்துள்ளன. அவற்றுக்குக் கீழே, கோரிமேட்டிலும் ஆரோவில் மேட்டு நிலத்திலும் செம்மண் பூமியாக வெளியே தெரியும் கடலூர் மணற்பாறை அமைந்துள்ளது; சங்கராபரணிக் கரையிலுள்ள திருவக்கரையின் புகழ்பெற்ற கல்மரங்கள் கிடைப்பது இந்தப் பாறைத் தொகுதியில்தான். அதற்கும் அடியில், வானூர் வட்டாரத்தில் மேலெழுந்து தெரியும், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்த மணற்பாறையும் சுண்ணாம்புப் பாறையும் உள்ளன.

இவ்வடுக்குகள் வடமேற்கில் உயர்ந்தும் கடலை நோக்கிச் சற்றே சரிந்தும் கிடக்கின்றன. மேட்டு நிலத்தில் மணற்பாறை வெளியே தெரியும் இடத்தில் விழும் மழை அதற்குள் இறங்கி, சரிவின் வழியே மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்து, நகரத்தின் அடியில் களிமண் அடுக்குகளுக்கு இடையே அகப்பட்டுக்கொள்கிறது. மேலும் கீழும் நீர் கடத்தாத அடுக்குகளால் மூடப்பட்ட இத்தகைய நீர்த்தாங்கியில் நீர் அழுத்தத்தோடு இருக்கும். அதன் மூடியைத் துளையிட்டால், நீர் நுழைந்த மேட்டு நிலத்தின் உயரத்தை எட்ட முயன்று தானாகவே மேலேறும். 1870களின் பிற்பகுதியில் சவானா நெசவாலை வளாகத்தில் துளையிட்டபோது நீர் இவ்வாறு பீறிட்டு எழுந்தது. அதைத் தொடர்ந்து நகரின் பல இடங்களில் தானூற்றுக் கிணறுகள் அமைக்கப்பட்டன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1880இல் இக்கிணறுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், சென்னைக்கும் இப்படிப்பட்ட நீர் கிடைக்குமா என்பதை ஆராயும் அளவுக்குப் புதுச்சேரியின் நிலத்தடி நீர் அன்று வியப்புக்குரியதாக இருந்தது. எந்திரத்தின் துணையின்றித் தரைக்கு மேல் பொங்கிய நீர் இன்று ஆழத்தில் மூழ்கவைக்கும் மோட்டார் இல்லாமல் வெளிவராது என்னும் ஒரு செய்தியே, இடைப்பட்ட காலத்தில் நிலத்தடி அழுத்தம் எவ்வளவு இறங்கிவிட்டது என்பதற்குப் போதிய சான்றாகும்.

முத்திரப்பாளையத்து நீர்

தானூற்றுக் கிணறுகளுக்கு முன்பே நகரத்தின் குடிநீர் மேற்கிலிருந்து வந்தது. கடலோரத்துக் கிணறுகளின் நீர் உவர்ப்பாக இருந்ததால், பிரெஞ்சு ஆட்சியினர் முத்திரப்பாளையத்து ஊற்று நீரை வாய்க்கால் வழியே நகருக்குக் கொண்டுவர முடிவுசெய்தனர். பொறியாளர் லமேரேஸ் 1863இல் இப்பணியை நிறைவேற்றினார். அங்கிருந்த குளத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் ஆயி என்னும் பெண் தன் மாளிகையை இடித்துவிட்டு வெட்டுவித்தாள் என்பது செவிவழிச் செய்தி. நகருக்கு நீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டு, இன்று பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம் புதுச்சேரி அரசின் முத்திரையிலும் இடம்பெற்றுள்ளது. ஒரு குடிநீர்த் திட்டத்தின் நினைவுச் சின்னமே அரசின் அடையாளமாக அமைந்த இவ்வூரில், அந்த நீரின் நிலை பொது அக்கறைக்கு உரியதாக வேண்டும்.

கடலோரத்தை விட்டு விலகி, மேற்கே மேட்டுப் பகுதியிலிருந்து நீரெடுப்பது என்னும் அன்றைய முடிவு நிலவியல் நோக்கில் சரியானது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மின் மோட்டார்களும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகியபோது, அம்முடிவின் அடிப்படை மறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த நஞ்சை நிலங்களில் நெல்லும் கரும்பும் ஆண்டு முழுவதும் ஆழ்துளைக் கிணற்று நீரால் விளையத் தொடங்கின. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் தோன்றின. நகரம் மேற்கே விரிந்து, ஒருகாலத்தில் மழைநீரை உள்வாங்கிய நிலத்தையே கட்டடங்களால் மூடியது. செறிவூட்டல், அதாவது மழைநீரும் மேற்பரப்பு நீரும் மண்ணுக்குள் இறங்கி நீர்த்தாங்கியை நிரப்புதல், குறைந்துவந்த அதே காலத்தில் எடுப்பு பன்மடங்கானது. இந்நிலையைக் கட்டுப்படுத்துவதற்காக 2002ஆம் ஆண்டிலேயே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்று புதுச்சேரியில் இயற்றப்பட்டது.

நாற்பது மடங்குக் கணக்கு

உள்நாட்டு ஊர் ஒன்றில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தால் கிணறு வற்றும். அடுத்த நல்ல மழையில் அது மீளவும் கூடும். கடலோர நகரத்திலோ எடுக்கப்பட்ட நன்னீரின் இடத்தைக் கடல்நீர் வந்து பிடித்துக்கொள்கிறது. இதற்குக் காரணம் அடர்த்தி வேறுபாடு. ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிராம். குத்துவிளக்கின் அகலில் தண்ணீரின் மீது எண்ணெய் நிற்பதைப் போலவே, கடலோர மணலுக்குள் கனமான உவர்நீரின் மீது நன்னீர் மிதந்து நிற்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அதைப் போல் ஏறத்தாழ 40 மடங்கு ஆழம் வரை கடல் மட்டத்துக்குக் கீழே நன்னீர் இருக்கும் என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த பதோன் கைபனும், பின்னர் 1901இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்பெர்கும் தனித்தனியே எடுத்துக்காட்டினர். 1,000ஐ இரண்டு அடர்த்திகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடான 25ஆல் வகுத்தால் கிடைக்கும் 40 என்னும் எண்ணே இந்த விதியின் உட்பொருள்.

இக்கணக்கின் விளைவு அச்சமூட்டுவது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் நின்றால் கீழே 80 மீட்டர் ஆழம் வரை நன்னீர் கிடைக்கும். அது 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் உவர்நீரின் எல்லை 40 மீட்டர் மேலேறிவிடும். நீர்மட்டம் கடல் மட்டத்துக்கே கீழே போனால், நன்னீர் கடலை நோக்கி நகர்வது நின்று கடல்நீர் நிலத்தை நோக்கி நகரத் தொடங்கும். களிமண் மூடியுள்ள ஆழ்ந்த நீர்த்தாங்கிகளில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும். ஆயினும் அவற்றின் கடல்சார் விளிம்பில் நன்னீரின் அழுத்தம் குறையும்போது அங்கும் உவர்நீர் உள்ளே வருவதைத் தவிர்க்க முடியாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் நகரத்துக்கும் வேளாண்மைக்கும் சேர்த்து நீர் இறைக்கப்பட்டதால், 1960களின் இறுதியில் கடற்கரைக்கு அருகே காணப்பட்ட உவர்நீர் பின்வந்த ஆண்டுகளில் பல கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தது.

நீரின் உவர்ப்பை அளப்பதற்கு மொத்தக் கரைதிடப் பொருள் என்னும் அளவு பயன்படுகிறது; 'டி.டி.எஸ்.' என்று வீடுகளில் பேசப்படுவது இதுவே. ஒரு லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்கிய பின் எஞ்சும் உப்புகளின் எடையை இது மில்லிகிராமில் சுட்டுகிறது. குடிநீரில் இது 500ஐத் தாண்டாமல் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ளது. கடல்நீரின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு உள்ளது. எனவே நல்ல கிணற்று நீரில் நூற்றில் இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே 700 மில்லிகிராம் உப்பு கூடி, விரும்பத்தக்க எல்லையைத் தாண்டிவிடும். ஐந்து பங்கு கலந்தால், ஏற்கத்தக்க உச்ச எல்லையையே பெரும்பாலும் நிரப்பிவிடும். இவ்வளவு சிறிய கலப்பே ஒரு கிணற்றைக் கெடுக்கப் போதுமானது; மணல் துகள்களில் ஒட்டிய உப்பைக் கழுவி அதே கிணற்றைத் திருத்துவதற்கோ பல ஆண்டுகளின் நன்னீர் தேவைப்படும். உவர்ப்பு ஏறிய நீரை வீட்டிலேயே சுத்திகரிக்கும் கருவிகள், ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் நீரைக் கழிவாகத் தள்ளுவதால், அதே நிலத்தடியிலிருந்து இன்னும் கூடுதலாக இறைக்கவே வழிசெய்கின்றன.

வரவும் செலவும்

புதுச்சேரிப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டர். இப்பரப்பின் மீது ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அதன் கொள்ளளவு 35 கோடி கன மீட்டர் ஆகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இப்பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 9.5 இலட்சம்; நகரக் குடிநீர் வழங்கலுக்கு இந்தியாவில் பின்பற்றப்படும் அளவான நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதை அனைவருக்கும் கொண்டால், ஆண்டுத் தேவை ஏறத்தாழ 4.7 கோடி கன மீட்டர். மழையில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான நீரே எல்லா வீடுகளுக்கும் போதும் என்று இதிலிருந்து தோன்றலாம்.

ஆனால் மழைநீர் முழுவதும் மண்ணுக்குள் இறங்குவதில்லை. கிழக்குக் கடற்கரையின் வண்டல் நிலத்தில், மழையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே நீர்த்தாங்கியைச் சேரும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கீட்டில் வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு. எஞ்சியது ஆவியாகவும் பயிரின் வழியே காற்றில் கலந்தும் கடலுக்கு ஓடியும் போகிறது. இவ்வளவின்படி மழை நேரடியாகத் தரும் செறிவூட்டல் 6 கோடி கன மீட்டர் அளவில் நிற்கும். இது வீடுகளின் தேவையை ஈடுகட்டிவிட்டுச் சிறிதளவே மிஞ்சும். உலக அளவில் எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைப் பயன்படுத்துவது வேளாண்மை என்பதையும், புதுச்சேரியின் நஞ்சை பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பியிருப்பதையும் நினைத்தால், பற்றாக்குறை தோன்றும் இடம் தெளிவாகும். ஆற்று வரத்தும், ஏரிக் கசிவும், வயலுக்குப் பாய்ந்த நீர் திரும்ப மண்ணில் இறங்குவதும், எல்லைக்கு அப்பாலிருந்து நிலத்தடியில் வரும் நீரும் இவ்வரவோடு சேரும் என்றாலும், அவை அனைத்தையும் விஞ்சும் எடுப்பே நிலத்தடி மட்டத்தை இறக்குகிறது.

காலமும் இங்கே ஒரு சிக்கலாகும். ஆண்டு மழையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி சில புயல் நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவானது. பகுதி முழுவதும் அதே அளவில் பெய்ததாகக் கொண்டால், அந்த ஒரு நாளில் விழுந்த நீர் 13 கோடி கன மீட்டருக்கும் மேல். அதாவது அனைத்து வீடுகளின் இரண்டரை ஆண்டுத் தேவைக்கும் மேலானது. தெருக்களை மூழ்கடித்துவிட்டு வாய்க்கால்கள் வழியே கடலுக்குப் போன அந்நீரின் ஒரு பகுதியையேனும் நிறுத்திவைக்கும் இடம் எது என்பதே தீர்வின் முதல் கேள்வி.

ஏரி என்னும் செறிவூட்டும் கருவி

இக்கேள்விக்கான விடையைத் தமிழ்நிலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது. ஏரிகளைப் பராமரிப்பதற்கென்றே ஏரி வாரியம் என்னும் குழு இயங்கியதை உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பதிவுசெய்துள்ளன. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன; அவற்றுள் ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரி முதலாவது பெரிய ஏரி, பாகூர் ஏரி இரண்டாவது. சங்கராபரணியின் வெள்ளத்தைச் சுத்துக்கேணி வாய்க்கால் ஊசுட்டேரிக்கும், தென்பெண்ணையின் வெள்ளத்தைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கும் கொண்டுசேர்க்கின்றன. மழையின்போது சில நாட்களில் ஓடிவிடும் நீரைப் பல மாதங்கள் நிறுத்திவைத்து, மதகின் வழியே வயலுக்கும் அடிமண்ணின் வழியே நீர்த்தாங்கிக்கும் தருவது ஏரியின் இரட்டைப் பணியாகும். ஏரிக்குக் கீழேயுள்ள கிணறுகளில் ஊற்று எடுப்பதை வைத்தே ஏரியின் நலத்தை உழவர் அறிந்திருந்தனர்.

பிரெஞ்சு ஆட்சியில் 'சிந்திக்கா அக்ரிகோல்' எனப்பட்ட விவசாயிகள் சங்கங்கள் பாசனப் பராமரிப்பில் பங்கெடுத்தன. ஆழ்துளைக் கிணறு வந்தபின் உழவர்களுக்கு ஏரியின் தேவை குறைந்தது போலத் தோன்றியதால், வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன, ஏரியில் வண்டல் படிந்தது, கரைகள் ஆக்கிரமிக்கப்பட்டன. கிணற்றுக்கு நீர் ஊட்டியதே ஏரிதான் என்பது நீர்மட்டம் இறங்கிய பிறகே உணரப்பட்டது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம், இந்த 84 ஏரிகளையும் எடுத்துக்கொண்டு, நிலமற்றோரும் பெண்களும் இடம்பெற்ற ஏரிப் பயனாளர் சங்கங்களை உருவாக்கியது. தூர் வாருவதை ஒரு முறை செய்து முடிக்கும் ஒப்பந்த வேலையாகக் கருதாமல், ஆண்டுதோறும் செய்யவேண்டிய கடமையாக்கும் அமைப்பே இத்தகைய திட்டத்தின் நிலையான பயன். சங்கம் சோர்ந்தால் ஏரியும் மீண்டும் தூர்ந்துபோகும்.

மேட்டு நிலத்தில் செய்யப்படும் பணியும் இதற்கு ஈடானது. 1968இல் ஆரோவில் நிறுவப்பட்டபோது மரமற்று, மழையில் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடிய மேட்டு நிலத்தில், வரப்புகளும் தடுப்பணைகளும் அமைத்துக் காடு வளர்த்ததால், மழைநீர் நின்று மண்ணுக்குள் இறங்க வழி ஏற்பட்டது. மேட்டு நிலத்தின் மணற்பாறையில் இறங்கும் நீரே சரிவில் நகர்ந்து கடலோர நீர்த்தாங்கிகளின் அழுத்தத்தைக் காக்கிறது ஆதலால், அத்தகைய நிலத்தைக் கட்டடங்களுக்கு விட்டுக்கொடுக்காமல் காப்பது நகரத்தின் குடிநீரைக் காப்பதாகும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, நகரத்தின் கூரைகளில் விழும் நீருக்கும் இதே வழியைத் திறக்கிறது.

செலவைக் குறைத்தல்

வரவைக் கூட்டுவது எவ்வளவு இன்றியமையாததோ, செலவைக் குறைப்பதும் அவ்வளவு இன்றியமையாதது. ஒரு கிலோ நெல் விளைவதற்கு வழக்கமான முறையில் ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செல்கிறது. வயலில் எப்போதும் நீர் தேங்கி நிற்கவேண்டியதில்லை. மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றும்வரை காயவிட்டுப் பின்னர் பாய்ச்சினாலும் விளைச்சல் குறைவதில்லை என்பதை அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. உழவர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் இம்முறையும், ஒற்றை நாற்று நடவும், கரும்புக்குச் சொட்டுநீர்ப் பாசனமும் எடுப்பைக் கணிசமாகக் குறைக்கவல்லவை. உழவரைக் குற்றம் சாட்டுவதால் பயனில்லை; நீரைச் சேமிக்கும் உழவருக்கு அதனால் வருமானம் குறையாதபடி கொள்முதலும் மானியமும் அமைந்தால், நிலத்தடி நீரின் மிகப் பெரிய செலவினமே மிகப் பெரிய சேமிப்பாக மாறும்.

கழிவுநீரே கரை

வீடுகளுக்கு வழங்கப்படும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியியல் வழக்கு. முன்னர்க் கணக்கிட்ட 4.7 கோடி கன மீட்டரில் இது ஏறத்தாழ 3.7 கோடி கன மீட்டராகும். லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்புராயப்பேட்டை ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. அவற்றிலிருந்து வெளிவரும் நீரை மேலும் தூய்மைப்படுத்தினால், பருவமழையை எதிர்பார்க்காமல் ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைக்கும் நீராதாரம் ஒன்று நகருக்கு உருவாகும்.

இவ்வழியில் உலகம் நெடுந்தொலைவு வந்துவிட்டது. நமீபியாவின் தலைநகரான விந்தூக் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீர் வழங்கலில் சேர்த்துவருகிறது. தன் நான்கு நீராதாரங்களுள் ஒன்றாகக் கழிவுநீரைக் கருதும் சிங்கப்பூரில், 'நியூவாட்டர்' என்னும் பெயரோடு 2003 முதல் மறுசுழற்சி நீர் வழங்கப்படுகிறது. நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புறஊதாக் கதிரால் கிருமி நீக்கல் ஆகிய மூன்று கட்டங்களைக் கடந்த அந்நீர் பெரும்பாலும் ஆலைகளுக்குச் செல்ல, ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் கலந்து குடிநீராகிறது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் இவ்வாறு தூய்மையாக்கப்பட்ட நீர் தொழிற்சாலைகளுக்கு வழங்கப்படுகிறது.

புதுச்சேரிக்கு மிகப் பொருத்தமான முன்மாதிரி கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியாகும். கடல்நீர் தன் நீர்த்தாங்கிக்குள் நுழைவதைக் கண்ட அம்மாவட்டம், 1976 முதல் உயர்தரமாகச் சுத்திகரித்த கழிவுநீரைக் கடலோரத்தில் வரிசையாக அமைத்த கிணறுகளின் வழியே நிலத்துக்குள் செலுத்திவருகிறது. அங்கே நிலத்தடி அழுத்தம் உயர்ந்து, நன்னீராலான ஒரு கரை மண்ணுக்குள் எழுந்து கடல்நீரைத் தடுக்கிறது; அதே நீரின் ஒரு பகுதி உள்நோக்கி நகர்ந்து கிணறுகளை நிரப்புகிறது. நாற்பது மடங்குக் கணக்கு இங்கே மனிதருக்குச் சாதகமாகத் திரும்புகிறது: மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால் உவர்நீரின் எல்லை 40 மீட்டர் கீழே இறங்கும். தூய்மையில் சிறிதளவு தவறினாலும் நீர்த்தாங்கியே மாசுபடும் ஆதலால், இடைவிடாத ஆய்வகக் கண்காணிப்பு இத்திட்டத்தின் உயிராகும். கடலில் விடப்படும் நீரைக் கொண்டே கடலைத் தடுக்கும் இவ்வழி, புதுச்சேரியில் ஆராயப்படவேண்டிய தலையாய திட்டமாகும்.

கடல்நீரைக் குடிநீராக்குதல்

நீரை மட்டும் ஊடுருவவிட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வின் ஒரு புறம் நன்னீரும் மறுபுறம் உப்புநீரும் இருந்தால், நன்னீர் தானாகவே உப்புநீரை நோக்கிச் செல்லும். இது சவ்வூடு பரவல். கடல்நீருக்கு இவ்வாறு ஏற்படும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு. அதைவிட மிகுந்த அழுத்தத்தை உப்புநீரின் பக்கத்தில் கொடுத்தால், நீர் எதிர்த்திசையில் பிழியப்பட்டு உப்பு பின்தங்கும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த சவ்வை, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கினர். சென்னையில் மீஞ்சூர் ஆலை 2010இலும் நெம்மேலி ஆலை 2013இலும் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காக அமைக்கப்பட்டது.

புதுச்சேரிக்கும் இத்தகைய ஆலை வேண்டும் என்னும் பேச்சு நெடுநாளாக உள்ளது. ஆனால் அதற்கு ஆகும் மின்சாரம் மிகுதி: 50 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கன மீட்டர் நிலத்தடி நீரை மேலேற்ற ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரம் போதும். அதே அளவு நீரைக் கடலிலிருந்து பெறுவதற்கு 3 முதல் 4 யூனிட் வரை தேவைப்படும். மேலும், உள்ளே எடுக்கப்படும் கடல்நீரில் பாதிக்கும் குறைவானதே குடிநீராகி, எஞ்சியது ஏறத்தாழ இருமடங்கு உப்போடு கடலுக்குத் திரும்புகிறது. அந்த அடர் உவர்நீர் போதிய அளவு கலந்து பரவாத இடத்தில், கரையோர மீன்வளத்துக்கும் அதை நம்பி வாழும் வீராம்பட்டினம், வம்பாக்கீரப்பாளையம் போன்ற மீனவ ஊர்களுக்கும் பாதிப்பு ஏற்படக்கூடும். கடும் வறட்சியில் நகரத்தின் குடிநீரை உறுதிசெய்ய இத்தொழில்நுட்பம் துணைநிற்கும். ஆனால் நிலத்தடி நீர் தொடர்ந்து உறிஞ்சப்படும்வரை, எத்தனை ஆலைகள் அமைத்தாலும் கடல்நீர் மண்ணுக்குள் நகர்வதை அவற்றால் நிறுத்த முடியாது. ஆகவே தீர்வுகளின் வரிசையில் அதற்குரிய இடம் இறுதியிடமே.

இரண்டு ஆட்சிகள், ஒரே நீர்த்தாங்கி

புதுச்சேரியின் நிலப்பரப்பு ஒரே தொடர்ச்சியாக இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஊர் ஊராகப் பெற்ற வரலாற்றின் விளைவாக, தமிழ்நாட்டு ஊர்களும் கொம்யூன் எனப்படும் புதுச்சேரி உள்ளாட்சிப் பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. மணற்பாறை வெளியே தெரியும் மேட்டு நிலத்தில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பையே இரு ஆட்சிகளும் ஏறத்தாழ பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டுள்ளன. ஏரிகளை நிரப்பும் இரு ஆறுகளும் தமிழ்நாட்டின் வழியேதான் வருகின்றன. எல்லையின் ஒரு புறத்தில் ஆழ்துளைக் கிணறுகளைக் கட்டுப்படுத்திவிட்டு மறுபுறத்தில் கட்டுப்பாடின்றி விட்டால், ஒரே நீர்த்தாங்கியின் மட்டம் உயராது.

எனவே இரு அரசுகளும் இணைந்து, சங்கராபரணிப் படுகைக்கும் தென்பெண்ணையின் கடைப்பகுதிக்கும் பொதுவான நீர்க்கணக்கு ஒன்றை ஆண்டுதோறும் தயாரிப்பது முதல் தேவை. ஒவ்வொரு கொம்யூனிலும், எல்லையை ஒட்டிய ஒவ்வொரு ஊராட்சியிலும் உள்ள கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டமும் உவர்ப்பும் மழைக்கு முன்னும் பின்னும் அளக்கப்பட்டு, அங்குள்ள மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிடப்பட வேண்டும். ஏரிகளின் வரத்து வாய்க்கால்கள் செப்டம்பருக்குள் தூர் வாரப்பட வேண்டும். மேட்டு நிலத்தின் செறிவூட்டும் பகுதிகள் சட்டத்தால் காக்கப்பட வேண்டும். கடலோரக் கிணறுகளின் எடுப்பு படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும். சுத்திகரித்த நீர் முதலில் ஆலைகளுக்கும், தரம் உறுதியானபின் கடலோரச் செறிவூட்டலுக்கும் செல்ல வேண்டும். இவற்றுள் எதற்கும் இனிமேல் கண்டுபிடிக்கப்பட வேண்டிய அறிவியல் எதுவுமில்லை. கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீரை ஒரு மீட்டர் உயர்த்தி நிறுத்துவதே புதுச்சேரி தன் முன்வைத்துக்கொள்ள வேண்டிய இலக்கு. அந்த ஒரு மீட்டரை எட்டும் வழியை இவ்வூர் செய்துகாட்டினால், இதே இடர்ப்பாட்டில் நிற்கும் கடலோர நகரங்கள் பலவற்றுக்கும் அது பயன்படும்.